'ஹார்ட் லக்'கும் 'டஃப் லக்'கும் ஒன்றா?

ஆங்கிலம் கற்றுத்தரும் புத்தகங்களிலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்களிலும் ஒரு வகைப் பட்டியல் தவறாமல் இருக்கும். ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதோடு சேர்ந்து வரும் சொற்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். 'லக்' என்ற சொல்லுக்கு என்றால் பட்டியல் பெரும்பாலும் இப்படிப் போகும்: குட் லக், பேட் லக், ஹார்ட் லக், டஃப் லக், ஷியர் லக், டம்ப் லக், பிகினர்ஸ் லக், புஷ் யுவர் லக், ட்ரை யுவர் லக். தமிழ் மாணவர்களுக்கான பதிப்பாக இருந்தால் எதிரே தமிழிலும் அர்த்தம் கொடுத்திருப்பார்கள். பேட் லக் என்றால் துரதிர்ஷ்டம். ஹார்ட் லக் என்றாலும் துரதிர்ஷ்டம். டஃப் லக்? அதுவும் துரதிர்ஷ்டம்தான்.

மூன்றும் ஒன்றுதான் என்று நம்பி ஒருவர் ஆபீஸ் சாட்டில் எழுதினால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் என் புகாரைச் சொல்லிவிடுகிறேன். எந்தச் சொல் எதோடு சேரும் என்று இந்தப் பட்டியல்கள் சரியாகவே சொல்கின்றன. யார், யாரிடம், யாருடைய தோளில் பழியையோ பெருமையையோ வைப்பதற்காக (அல்லது இறக்குவதற்காக) அதைச் சொல்கிறார்கள் என்பதுதான் விடுபட்டுப் போகிறது. வேறு சொற்களுக்கு இது சின்னக் குறையாக இருக்கலாம். 'லக்' விஷயத்தில் பாதிக்கு மேல் அர்த்தமே அதில்தான் இருக்கிறது.

சொற்சேர்க்கை என்பது நமக்கு அந்நியமான சமாசாரம் இல்லை. பள்ளியில் ஒலிமரபு, வினைமரபு என்று படித்தோமே, அதுதான். யானை பிளிறும், குதிரை கனைக்கும், கூடை முடைவார்கள், பானை வனைவார்கள். குதிரை ஏன் பிளிறக் கூடாது என்று கேட்டால் பதில் கிடையாது, மரபு அப்படி. ஆங்கிலம் கற்பவர்களுக்காக இதை முறையாகத் தொகுக்கத் தொடங்கியவர்களில் ஹெரால்ட் பால்மர் முக்கியமானவர். டோக்கியோவில் இருந்துகொண்டு 1933இல் ஆங்கிலச் சொற்சேர்க்கைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். பிறகு ஜே. ஆர். ஃபிர்த் என்ற மொழியியலாளர், ஒரு சொல்லை அது யாரோடு சேர்ந்து திரிகிறது என்பதை வைத்தே அடையாளம் காணலாம் என்ற கருத்தை 1957இல் பிரபலமாக்கினார். நம்ம துறை ஆட்களுக்கு இது நன்றாகத் தெரிந்த கருத்துதான். 2013இல் கூகுளில் இருந்து வந்த வேர்ட்டூவெக் முதல் இன்றைய மொழி மாடல்கள் வரை எல்லாவற்றின் அடியிலும் இந்த எண்ணம் இருக்கிறது. வேர்ட்டூவெக்கில் 'குட்'டும் 'பேட்'டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சீக்கிரம் பிடிபடும். இரண்டும் ஒரே மாதிரியான கூட்டத்தில் திரிகின்றன, ஆனால் சொல்வது நேரெதிர்.

2002இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டின் சொற்சேர்க்கை அகராதி இந்தத் துறையில் நல்ல அகராதி. என் மேஜையில் ஒன்று இருக்கிறது, அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். அதிலும் பகுப்பு இலக்கண அடிப்படையில்தான். முதலில் பெயரடைகள், பிறகு முன்னால் வரும் வினை, பின்னால் வரும் வினை, முன்னிடைச்சொல் என்று போகும். தேடி எடுக்க இது வசதி. ஆனால் இலக்கணத்தின் பார்வையில் 'ஹார்ட்'டும் 'டஃப்'பும் பக்கத்துவீட்டுக்காரர்கள். பேச்சில் ஒருவர் ஆறுதல் சொல்ல வந்தவர், மற்றவர் கதவைச் சாத்த வந்தவர்.

இப்போது அந்த சாட் கதை. சில வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த இடத்தில் ஆட்குறைப்பு நடந்தது. அமெரிக்காவில் இருந்த ஒரு சக ஊழியருக்கு வேலை போய்விட்டது. நல்ல மனுஷன், எங்கள் டீமில் பலருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர். அவர் குரூப்பில் எல்லோருக்கும் விடைபெறும் செய்தி போட்டார். எங்கள் டீமில் ஒரு பையன், உண்மையிலேயே மனசு கஷ்டப்பட்டு, 'டஃப் லக்' என்று இரண்டே வார்த்தை பதில் போட்டான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு அமெரிக்கர் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினார்: உங்க ஆளுக்கும் அவருக்கும் ஏதாவது சண்டையா?

பையன் நினைத்தது, 'டஃப்' என்றால் கஷ்டம், ஆகவே 'டஃப் லக்' என்றால் 'பாவம், கஷ்டகாலம்' என்று. அமெரிக்கர் காதில் விழுந்தது, 'அது உன் தலைவலி, எனக்கென்ன' என்று. பிரிட்டனில் 'டஃப் லக்' சில நேரம் உண்மையான அனுதாபமாகவும் வரும், குரலை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். சாட்டில் குரல் ஏது? 'டஃப் பிரேக்' என்று எழுதியிருந்தால் பிரச்சனையே இல்லை. அதே 'டஃப்', பக்கத்துச் சொல் மட்டும் வேறு.

இதில் அளவு என்ற கணக்கும் உண்டு. 'பேட் லக்', 'ஹார்ட் லக்' இரண்டும் பிரிட்டிஷ் வழக்கில் ஆறுதல் வார்த்தைகள்தான். ஆனால் சின்ன நஷ்டத்துக்கு. மேட்ச் தோற்றால் சொல்லலாம், டிரைவிங் டெஸ்டில் ஃபெயிலானால் சொல்லலாம். வீட்டில் சாவு நடந்தவரிடம் சொன்னால் அதைவிட மோசமான வார்த்தை கிடையாது, ஏதோ கேரம் போர்டில் காய் விழாமல் போன மாதிரி ஆகிவிடும். 'பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்' இன்னும் ஆபத்து. நம்ம ஊரில் சுரண்டிப் பார்க்கும் பரிசுக் கூப்பனில் அதைப் படித்தே வளர்ந்ததால் அதில் இருக்கும் விளையாட்டுத்தனம் நமக்குத் தெரிவதில்லை. அடுத்த முறை என்று ஒன்று நிச்சயம் இருக்கும், இழந்தது பெரிசாக ஒன்றுமில்லை என்ற இரண்டு அனுமானங்கள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. தமிழ் 'துரதிர்ஷ்டம்' எதையும் தாங்கும். 'துரதிர்ஷ்டவசமாக விபத்தில் இறந்தார்' என்று செய்தித்தாளில் எழுதலாம். ஆங்கில 'பேட் லக்'கால் அவ்வளவு பாரம் தாங்க முடியாது. அந்த இடத்தில் அவர்கள் 'டிராஜிக்' என்ற வேறு சொல்லுக்குப் போய்விடுவார்கள்.

ஏன் இந்தச் சொல் இவ்வளவு லேசாக இருக்கிறது? அதன் பிறப்பு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். 'லக்' ஆங்கிலத்தில் ரொம்பப் பழைய சொல் இல்லை. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் டச்சு, கீழ் ஜெர்மன் பக்கத்தில் இருந்து வந்து சேர்ந்தது. சூதாட்டக்காரர்களின் சொல்லாக வந்திருக்கலாம் என்கிறார்கள் சொற்பிறப்பு ஆய்வாளர்கள். அதற்கு முன்னால் ஆங்கிலத்தில் இருந்தது 'ஹாப்' என்ற நார்ஸ் மொழிச் சொல். இன்று அது தனியாக வழக்கில் இல்லை. ஆனால் பிள்ளைகள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்: ஹேப்பன், பெர்ஹாப்ஸ், மிஸ்ஹாப், ஹேப்பி. ஆமாம், 'ஹேப்பி' என்பதற்கு முதல் அர்த்தம் அதிர்ஷ்டசாலி. சந்தோஷம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஜெர்மனில் இன்றும் 'க்ளூக்' என்ற ஒரே சொல்லுக்கு அதிர்ஷ்டம், மகிழ்ச்சி இரண்டு அர்த்தமும் உண்டு.

சூதாட்ட மேஜையை மனதில் வைத்துக்கொண்டு 'லக்' ஏற்கும் வினைகளைப் பாருங்கள். லக்கை 'புஷ்' பண்ணலாம், 'ட்ரை' பண்ணலாம். லக் 'ரன் அவுட்' ஆகும், 'ஹோல்ட்' ஆகும், 'டர்ன்' ஆகும். கையில் இருக்கும் காசு மாதிரி, ஆட்டத்தின் போக்கு மாதிரி பேசுகிறார்கள். நம்ம பேச்சில் அதிர்ஷ்டம் 'அடிக்கும்', யோகம் 'கூடி வரும்', லட்சுமி 'வீடு தேடி வருவாள்'. நாம் பெரும்பாலும் வாங்கிக்கொள்பவர்கள், அவர்கள் ஆடுபவர்கள். ரொம்ப நீட்டினால் இது மேடைப் பேச்சாகிவிடும், ஆகவே இதோடு நிறுத்துகிறேன். ஒன்று மட்டும்: 'பாட்லக்' என்பதில் இருக்கும் லக்கும் இதே லக்தான். திடீரென்று வந்த விருந்தாளிக்கு அன்றைக்குப் பானையில் என்ன இருக்கிறதோ அது, என்பதுதான் பழைய பொருள். ஆளுக்கொரு டப்பா கொண்டுவரும் விருந்து என்பது பின்னால் அமெரிக்காவில் பரவிய பொருள். நம்ம ஆபீஸ் பாட்லக்கில் பதினோரு பேர் லெமன் ரைஸ் கொண்டுவரும்போது பழைய பொருள் திரும்பி வந்துவிடுகிறது.

இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியம். அதிர்ஷ்டம் என்ற சொல் 'காணப்படாதது' என்ற பொருளுள்ள வடசொல்லில் இருந்து வந்தது. காரணம் இருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். குறளில் ஊழ் என்று ஓர் அதிகாரமே உண்டு. பேச்சுத் தமிழில் 'அவன் கொடுத்து வச்சவன்' என்கிறோம். எப்போதோ கொடுத்து வைத்திருக்கிறான், இப்போது வாங்கிக்கொள்கிறான். கிட்டத்தட்ட ஃபிக்ஸட் டெபாசிட். ஆங்கில 'லக்'கில் அந்தக் கணக்குப் புத்தகம் கிடையாது. தகுதிக்குத் தொடர்பில்லாமல் வந்தால்தான் அது லக். ஆகவே 'யூ ஆர் ஸோ லக்கி' என்பதை 'நீ கொடுத்து வச்சவ' என்று மொழிபெயர்த்தால் நாம் கூடுதலாக ஒரு பாராட்டைச் சேர்த்துவிடுகிறோம். திருப்பிச் செய்தால் இருந்த பாராட்டு காணாமல் போய்விடும். ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் வருவது நம்ம 'குருட்டு அதிர்ஷ்டம்' ஒன்றுதான். 'டம்ப் லக்'குக்கு அதைப் போடலாம். ஒரு பட்டியலில் 'ஊமை அதிர்ஷ்டம்' என்று பார்த்தேன். அந்த 'டம்ப்'புக்கு ஊமை என்ற பொருள் இல்லை, முட்டாள்தனம் என்ற அமெரிக்கப் பொருள்.

இந்தத் தகுதி விஷயம்தான் 'ஷியர் லக்', 'ப்யூர் லக்' இரண்டையும் கத்தி மாதிரி ஆக்குகிறது. பட்டியலில் இவற்றுக்கு எதிரே 'முழுக்க முழுக்க அதிர்ஷ்டம்' என்று போட்டிருக்கும். அர்த்தம் சரி. ஆனால் ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் அது தன்னடக்கம், அடுத்தவரைப் பற்றிச் சொன்னால் அவமதிப்பு. 'அந்த பக்கை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?' என்று கேட்டால் 'ஷியர் லக்' என்று சிரித்துவிட்டுப் போகலாம். அதையே அப்ரைசல் கூட்டத்தில் இன்னொருவர் உங்களைப் பற்றிச் சொன்னால் அந்த வருட இன்கிரிமென்ட் போச்சு. வாக்கியம் ஒன்றே, எழுவாய் மாறினால் போதும். பிரிட்டிஷ்காரர்கள் 'மோர் பை லக் தேன் ஜட்ஜ்மென்ட்' என்று நாசூக்காகச் சொல்வார்கள். அதுவும் இதே குடும்பம்.

நேர்மாறாக, லக் என்ற சொல் மரியாதைக்காகவே வந்து உட்காரும் இடமும் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது 'எனி லக்?'. சாவியைத் தேடிக்கொண்டிருப்பவரிடம், இன்டர்வியூ போய் வந்தவரிடம், மூன்று நாளாக ஒரு மெமரி லீக்கோடு மல்லுக்கட்டுபவரிடம் இதைக் கேட்பார்கள். அர்த்தம் 'கிடைச்சுதா?' என்பதுதான், அதிர்ஷ்டத்தைப் பற்றி யாரும் அங்கே பேசவில்லை. ஆனால் 'கிடைச்சுதா? முடிச்சிட்டியா?' என்று கேட்டால் இல்லை என்று சொல்பவர் கொஞ்சம் குறுகிப்போக வேண்டும். 'எனி லக்?' என்றால் 'நோ லக்' என்று சொல்லிவிடலாம். திறமைக் குறைவு என்ற பேச்சே எழாது, தோல்வியை லக் தன் தலையில் வாங்கிக்கொள்கிறது. நான் பார்த்த இருமொழிப் பட்டியல் எதிலும் இது இல்லை. தமிழில் எழுதிக்காட்ட முடியாதது காரணமோ என்னவோ. 'ஏதாவது அதிர்ஷ்டமா?' என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அதே லக், ஒரு சொல் கூடினால் கிண்டலாகிவிடும். 'குட் லக்' வாழ்த்து. 'குட் லக் வித் தட்' பெரும்பாலும், 'நடக்காது, போய்ப் பாரு'. பழைய பிரிட்டிஷ் வழக்கில் 'தி பெஸ்ட் ஆஃப் பிரிட்டிஷ் லக்' என்று ஒருவர் வாழ்த்தினால் அவர் உங்கள் மேல் துளியும் நம்பிக்கை வைக்கவில்லை என்று அர்த்தம்.

'லக்கி', 'ஃபார்ச்சுனேட்' இரண்டையும் ஒரே வரியில் போடும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். 'தி லெஸ் ஃபார்ச்சுனேட்' என்று ஒரு சேர்க்கை இருக்கிறது. அறக்கட்டளைகளின் துண்டறிக்கைகளில் ஏழைகளைக் குறிக்க இதைப் போடுவார்கள். 'தி லெஸ் லக்கி' என்று அந்த இடத்தில் யாரும் எழுதுவதில்லை. 'லக்கி' என்று போட்டால், அப்படியானால் நன்கொடை கொடுப்பவர் வெறும் லக்கில் பணக்காரரானவரா என்ற கேள்வி உடனே எழுந்துவிடும். 'ஃபார்ச்சுனேட்' லத்தீனில் இருந்து கோட் சூட்டோடு வந்த சொல், அந்தக் கேள்வியை எழுப்பாமல் மரியாதையாக மூடிவைக்கிறது. இந்தத் தொடரின் மேல் எனக்கு மதிப்பு இல்லை. கூலி, நிலம், பள்ளிக்கூடம் என்று பெயர் சொல்லக்கூடிய காரணங்கள் இருக்கும் இடத்தில் வானிலை அறிக்கை மாதிரி ஒரு சொல்லை வைக்கிறார்கள். அந்த ஏழையே தன் கஷ்டத்தை நேரில் வந்து சொன்னால் அதற்கு வேறு பெயர், 'ஹார்ட்-லக் ஸ்டோரி'. நம்பத் தயங்கும் காதுதான் அப்படிப் பெயர் வைக்கும்.

கடைசியாக 'லக்கி எஸ்கேப்', 'லக்கி டு பி அலைவ்'. லாரியில் மோதி கால் முறிந்தவரை லக்கி என்கிறார்கள். அன்று பைக்கையே எடுக்காமல் வீட்டில் தூங்கியவரை யாரும் லக்கி என்பதில்லை. கார்ல் ஹால்வர் டைகன் என்ற நார்வே உளவியலாளர் 1995இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் சொல்லும் நல்ல அதிர்ஷ்டக் கதைகள் பலவற்றில் பெரிய லாபம் எதுவும் கிடையாது, மோசமான ஒன்று மயிரிழையில் தவறிப்போனது மட்டும்தான் இருக்கும் என்பது அதன் சாரம். நாமும் 'தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு' என்கிறோம், இங்கே இரண்டு மொழியும் கைகுலுக்கிக்கொள்கின்றன. ஆனால் 'லக்கி'யை அதிர்ஷ்டசாலி என்று மட்டும் படித்தவருக்கு இந்தப் பொருள் தெரியாது. ஒருமுறை அதனால் மனக்கசப்பே வந்தது.

ஒரு சனிக்கிழமை ராத்திரி ரிலீஸ். டேட்டாபேஸ் மாற்றம் பாதியில் உடைந்துவிட்டது. பேக்கப்பை எடுக்கப் போனால், டிஸ்க் நிரம்பிப்போய் நாலு நாளாக பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை. எங்கள் டீமில் ஒருவர் வெள்ளிக்கிழமை தன் டெஸ்டிங்குக்காக ஒரு முழு காப்பி எடுத்து வைத்திருந்தார். அதை வைத்து விடியற்காலைக்குள் மீட்டுவிட்டோம். திங்கட்கிழமை காலில் வெளிநாட்டு மேனேஜர் சொன்ன முதல் வாக்கியம் 'வீ காட் லக்கி'. கால் முடிந்ததும் அந்த நண்பர் என்னிடம் வந்து பொரிந்து தள்ளினார். "காப்பி எடுத்தது நானு, ராத்திரி முழுக்க உட்கார்ந்தது நானு. இதுல லக் எங்கண்ணா வந்துச்சு?"

மேனேஜர் சொன்னது அவருடைய உழைப்பைப் பற்றி இல்லை. அந்தக் காப்பி அங்கே இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை, ஆனாலும் இருந்தது, அதைத்தான் சொன்னார். மென்பொருள் உலகத்தில் இந்தப் பொருளுக்கு ஒரு நிரந்தர இடமே இருக்கிறது. கூகுள் பொறியாளர்கள் எழுதி 2016இல் வந்த 'சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங்' புத்தகத்தின் பின்னிணைப்பில் ஒரு மாதிரி விபத்து அறிக்கை உண்டு. ஷேக்ஸ்பியர் எழுதிய புது சானெட் ஒன்று கிடைத்து, அதைத் தேடி வரும் கூட்டத்தில் தேடல் சேவை படுத்துவிடுவதாகக் கற்பனை. அந்த அறிக்கையில் கற்ற பாடங்கள் மூன்று தலைப்பில் வரும்: எது நன்றாக நடந்தது, எது தவறாக நடந்தது, எங்கே நமக்கு லக் அடித்தது. முதல் தலைப்பில் டீமின் பெருமையை எழுத இடம் இருக்கிறது. மூன்றாவதில் எழுதுவதெல்லாம், அடுத்த முறை இதை நம்பி இருக்கக் கூடாது என்று சரிசெய்ய வேண்டியவை. 'காட் லக்கி' அங்கே ஒரு பக் ரிப்போர்ட்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். புத்தகத்தையும் எடுத்துக் காட்டினேன். "அப்போ அதை முதல்ல சொல்லிட்டு, என் பேரையும் சொல்லிட்டு, அப்புறம் லக்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றார். சொல்லியிருக்கலாம்தான். மேனேஜருக்கு அதை மெயிலில் எழுதினேன். அடுத்த அறிக்கையில் நண்பரின் பெயர் முதல் தலைப்பின் கீழும், பேக்கப் ஸ்கிரிப்ட் மூன்றாவது தலைப்பின் கீழும் வந்தன. டிஸ்க் நிரம்பினால் அலாரம் அடிக்க ஒரு டிக்கெட் போட்டார்கள். அந்த டிக்கெட்டை முடித்ததும் அதே நண்பர்தான்.